வான்கோழிக் கொத்துக்கறியில் டாக்கோ கேசரோல்: அடியில் தண்ணீர், வாயில் சக்கை, ஏன்?

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். அமெரிக்காவில் இருக்கிறீர்கள், வீட்டில் மாட்டிறைச்சி சமைப்பதில்லை. மாட்டுக் கொத்துக்கறிக்காக எழுதிய டாக்கோ கேசரோல் (டோர்ட்டியா என்ற மெக்சிகோ ரொட்டி, மசாலாக் கறி, சீஸ் மூன்றையும் அடுக்கி ஓவனில் சுடுவது) குறிப்பு ஒன்றை எடுத்து, அதே அளவில் வான்கோழிக் கொத்துக்கறியைப் போட்டுச் செய்திருக்கிறீர்கள். பாத்திரத்தின் அடியில் தண்ணீர் தேங்கிவிட்டது, டோர்ட்டியா குழைந்து கூழாகிவிட்டது, கறி சக்கையாக இருந்தது, பிள்ளைகள் மேலே இருந்த சீஸை மட்டும் சுரண்டித் தின்றுவிட்டு எழுந்துவிட்டார்கள். வேலை முடிந்து வந்து ஒரு மணி நேரத்துக்குள் இதை ஒழுங்காகச் செய்ய முடியுமா, எந்தக் கம்பெனி மசாலா நல்லது என்று கேட்கிறீர்கள். மசாலா கம்பெனி இதில் கடைசிப் பிரச்சினை. கொழுப்பு நிறைந்த ஒரு கறிக்காக எழுதிய குறிப்பில் கொழுப்பு குறைந்த, ஈரம் மிகுந்த கறியை வைத்தால் என்னென்ன மாற்ற வேண்டும் என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி. ஒரு மணி நேரத்தில் முடியும். ஆனால் இந்தச் சாப்பாட்டின் ருசியும் ஈரமும் அடுப்பின் மேலேயே தீர்மானமாகிவிடும். அவனுக்குள், அதாவது ஓவனுக்குள், நடப்பது சீஸ் உருகுவதும் அடுக்குகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதும் மட்டுமே. உங்கள் குறிப்பு அவனை நம்பிவிட்டது.

இதற்கு மெக்சிகோவில் நேரடி அசல் தேட வேண்டாம். டோர்ட்டியாவையும் கறியையும் சாஸையும் அடுக்கிச் சுடும் பாஸ்டெல் ஆஸ்டெகா அங்கே உண்டு. கோழியை வைத்துச் செய்யும் கிங் ராஞ்ச் கேசரோல் டெக்சாஸில் உண்டு. கொத்துக்கறி, மஞ்சள் செடார் சீஸ், பாக்கெட் மசாலா என்ற இந்தக் கூட்டணி அமெரிக்க வீட்டுச் சமையலறையில் உருவானது. அதனால் எதைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கக் கூடாது என்று ஆசாரம் பார்க்கத் தேவையில்லை. பலன் தருகிறதா என்று பார்த்தால் போதும்.

முதலில் கறி. கடையில் மூன்று வகை கிடைக்கும்: 85/15, 93/7, 99 சதவீதம் கொழுப்பில்லாதது. முதல் எண் கொழுப்பு நீங்கிய பங்கு, இரண்டாவது எண் கொழுப்பு. 99 சதவீதம் என்பது பெரும்பாலும் தோலில்லாத நெஞ்சுக்கறி மட்டும். இந்தச் சமையலுக்கு அது வேண்டாம், என்ன செய்தாலும் மணல் மணலாகவே நிற்கும். 93/7 எங்கும் கிடைக்கும், அதை வைத்தே கணக்குப் போடுவோம். 1 பவுண்டு, அதாவது 454 கிராம் எடுத்தால் அதில் கொழுப்பு ஏறக்குறைய 32 கிராம். வழக்கமான குறிப்புகள் எதிர்பார்க்கும் 80/20 மாட்டுக்கறியில் அதே எடைக்கு 90 கிராம். அந்த 90 கிராமில் ஒரு பகுதியை வடித்துக் கொட்டிவிடுவார்கள் என்றாலும், கறி வதங்குவதும் மசாலா பொரிவதும் வெங்காயம் சிவப்பதும் அதில்தான் நடக்கிறது. உங்கள் பாத்திரத்தில் அது இல்லை. எனவே 2 மேசைக்கரண்டி எண்ணெய் வெளியிலிருந்து கட்டாயம் சேர வேண்டும். சூரியகாந்தி, கனோலா, அவகாடோ எதுவும் சரி. குறைந்த கொழுப்புக்காக வான்கோழியை வாங்கிவிட்டு எண்ணெய் ஊற்றுவதா என்று மனசு கேட்கும். ஊற்றினாலும் மொத்தக் கொழுப்பு, வடிக்காத மாட்டுக்கறியைவிடக் கணிசமாகக் குறைவுதான். ஆறு பங்காக்கினால் ஒருவருக்குச் சேரும் கூடுதல் எண்ணெய் ஒரு டீஸ்பூன்.

அடுத்து தண்ணீர். பச்சை வான்கோழிக் கறியில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஈரம். உறைய வைத்து இளக்கியது என்றால் அந்த ஈரம் இன்னும் சுலபமாக வெளியேறும். பாத்திரத்தில் தண்ணீர் நிற்கும் வரை வெப்பம் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. கறி சிவந்து மணம் வருவதற்கு அதன் மேற்பரப்பு அதைவிட வெகு மேலே, 140 டிகிரி பக்கம் போக வேண்டும். நடுத்தரத் தீயில் கறியைப் போட்டு உடனே கிளற ஆரம்பித்தால் கறி தன் தண்ணீரிலேயே வெந்து, சாம்பல் நிறமாகி, அதற்குள் உலர்ந்தும் போகும். சக்கைக்கும் சப்பென்ற ருசிக்கும் காரணம் இந்த ஒன்றுதான்.

12 அங்குல ஸ்கில்லட் (அடி அகன்ற, தட்டையான வறுசட்டி) எடுத்துக்கொள்ளுங்கள், இரும்போ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ. நம் வாணலி இதற்கு ஒத்துவராது: அடி குறுகல், பக்கங்கள் உயரம், ஆவி உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். கறியைப் பொட்டலத்திலிருந்து எடுத்துக் காகித டவலால் ஒற்றிவிடுங்கள். கழுவ வேண்டாம், கழுவினால் ஈரம் கூடும், கிருமி தொட்டியெங்கும் தெறிக்கும். தீயை நடுத்தரத்துக்கு மேல் வைத்து எண்ணெயில் ஒன்றரை மேசைக்கரண்டியை ஊற்றி, அது நெளிய ஆரம்பித்ததும் கறி முழுவதையும் அடை தட்டுவது போல அரை அங்குலக் கனத்தில் பரப்பி அழுத்துங்கள். முக்கால் டீஸ்பூன் உப்பில் பாதியைத் தூவுங்கள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். காதால் கவனியுங்கள்: முதலில் சுர்ரென்ற சத்தம், ஒரு நிமிடத்தில் ஓரங்களில் வெள்ளை நீர் கசிந்து சத்தம் மங்கிக் கொதிக்கிற சத்தமாகும், நாலு, ஐந்து நிமிடத்தில் நீர் வற்றிச் சத்தம் மறுபடி கூர்மையாகும். அந்த இரண்டாவது கூர்மைதான் அடையாளம். ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால் அடி பழுப்பாக இருக்கும். நாலாக வெட்டித் திருப்பிப் போடுங்கள். மறுபக்கத்தைச் சிவக்க விடாதீர்கள். இரண்டே நிமிடத்தில் கரண்டியால் உடைத்து, கொண்டைக்கடலை அளவுத் துண்டுகளாக்கி, பச்சைக்கறி நிறம் போனதும் ஒரு கிண்ணத்தில் எடுத்துவிடுங்கள். ஒரு பக்கம் சிவந்தால் மணம் கிடைத்துவிடும், மறுபக்கம் வெளிறி இருந்தால் மென்மை தங்கிவிடும். இரண்டும் சேர்ந்தால்தான் வான்கோழி வாயில் இறங்கும். மாவு மாதிரிப் பொடியாக உடைப்பது இன்னொரு பொதுவான தவறு. துண்டு சிறுக்கச் சிறுக்க ஈரம் வெளியேறும் பரப்பு கூடுகிறது, பிறகு எவ்வளவு சாஸ் ஊற்றினாலும் கறி உள்ளே வாங்காது. இரண்டு பவுண்டு செய்கிறீர்கள் என்றால் இரண்டு தடவையாகச் செய்யுங்கள். ஒரே பாத்திரத்தில் திணித்தால் மேலே சொன்னது எதுவும் நடக்காது.

பேக்கிங் சோடா பற்றியும் சொல்லிவிடுகிறேன், யாராவது கட்டாயம் கேட்பார்கள். ஒரு பவுண்டுக்குக் கால் டீஸ்பூன் சோடாவை ஒரு மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்துப் பிசறி 15 நிமிடம் வைத்தால் கறியின் புளிப்புத்தன்மை குறைந்து, ஈரத்தைக் கூடுதலாகப் பிடித்துக்கொள்ளும், சீக்கிரம் சிவக்கும். இது உறுதி. ஆனால் மேலே சொன்ன முறையில் 93/7 கறியை வதக்கினால் வித்தியாசம் சிறிதுதான், வார நாளில் அந்த 15 நிமிடம் தகுமா என்பது அவரவர் விருப்பம். வேறு வழியில்லாமல் 99 சதவீதக் கறிதான் கிடைத்தது என்றால் செய்யுங்கள். கால் டீஸ்பூனைத் தாண்டினால் சோப்பு வாடை வரும்.

இப்போது மசாலா. நம் வீடுகளில் இந்தச் சாப்பாடு கெடும் முக்கியமான இடம் இது. அமெரிக்கக் குறிப்பில் ‘சில்லி பவுடர்’ ஒன்றரை மேசைக்கரண்டி என்று இருந்தால், அது நம் மிளகாய்த்தூள் அல்லவே அல்ல. 1890களில் டெக்சாஸில் வில்லியம் கெப்ஹார்ட் என்ற ஜெர்மானியக் குடியேறி விற்பனைக்குக் கொண்டுவந்த வழியில் வரும் ஒரு கலவைப் பொடி அது. ஆஞ்சோ போன்ற காரம் குறைந்த மிளகாய், சீரகம், ஓரிகானோ, பூண்டு எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். அந்த அளவுக்குக் குண்டூர் மிளகாய்த்தூள் போட்டால் யாரும் சாப்பிட முடியாது. பயந்து அரை டீஸ்பூன் மட்டும் போட்டால் காரம் சரியாக இருக்கும், ஆனால் நிறமும் அடர்த்தியும் இல்லாத ஒரு சாஸ் கிடைக்கும். அமெரிக்கப் பொடி கைவசம் இருந்தால் ஒரு பவுண்டுக்கு ஒன்றரை மேசைக்கரண்டி, அதனுடன் சீரகத்தூள் ஒன்றரை டீஸ்பூன், ஸ்மோக்டு பாப்ரிகா ஒரு டீஸ்பூன், காய்ந்த ஓரிகானோ ஒரு டீஸ்பூன், மல்லித்தூள் அரை டீஸ்பூன். அந்தப் பொடி இல்லை, நம் அலமாரிதான் இருக்கிறது என்றால் காஷ்மீரி மிளகாய்த்தூள் 2 டீஸ்பூன், பாப்ரிகா 2 டீஸ்பூன், சீரகத்தூள் 2 டீஸ்பூன் என்று வைத்து மற்றதை அப்படியே விடுங்கள். சீரகத்தை வறுத்து அப்போதே பொடித்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். வேறெதற்கும் மெனக்கெடாவிட்டாலும் இதற்கு மெனக்கெடலாம். கரம் மசாலாவும் மஞ்சளும் வேண்டாம். பட்டை, கிராம்பு மணம் ஏறிவிட்டால் மேலே எவ்வளவு சீஸ் போட்டாலும் அது நம் வீட்டுக் கொத்துக்கறி வறுவல்தான், டாக்கோ வாசனை வராது.

பாக்கெட் டாக்கோ மசாலா வாங்குவதில் தவறில்லை. 1 அவுன்ஸ், அதாவது 28 கிராம் பாக்கெட் ஒரு பவுண்டு கறிக்கு என்று கணக்கிட்டது. அதில் உப்பும் பெரும்பாலும் ஏதாவது ஒரு மாவுப்பொருளும் இருக்கும். அந்த மாவு குழம்பைக் கெட்டியாக்க. உறையில் ‘முக்கால் கப் தண்ணீர் ஊற்றுங்கள்’ என்கிற மாதிரி எழுதியிருப்பது டாக்கோவுக்கு, கேசரோலுக்கு அல்ல. உங்கள் பாத்திரத்தின் அடியில் நின்றதில் ஒரு பங்கு அந்தத் தண்ணீராக இருந்திருக்கும். பாக்கெட் போட்டால் தண்ணீரே ஊற்றாதீர்கள், தக்காளி போதும். கறிக்குத் தனி உப்பும் போடாதீர்கள். உறையின் பின்னால் ஒரு பங்குக்கு எத்தனை மில்லிகிராம் சோடியம், மொத்தம் எத்தனை பங்கு என்று இருக்கும், பெருக்கிப் பாருங்கள். 2,300 மில்லிகிராம் சோடியம் என்றால் ஏறக்குறைய ஒரு டீஸ்பூன் உப்பு.

கறியை எடுத்த அதே ஸ்கில்லட்டில், அடியில் ஒட்டிய பழுப்பைக் கழுவாமல், மீதி அரை மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு ஒரு பெரிய வெங்காயமும் ஒரு குடைமிளகாயும் பொடியாக நறுக்கி மீதி உப்புடன் வதக்குங்கள். குடைமிளகாய் நிறையத் தண்ணீர் விடும் காய். பச்சையாக அடுக்கில் போடச் சொல்லும் குறிப்புகளைத் தள்ளுங்கள். ஐந்து நிமிடத்தில் ஓரம் சிவந்ததும் நசுக்கிய பூண்டு நாலு பல், பிறகு தக்காளி பேஸ்ட் 2 மேசைக்கரண்டி. பேஸ்ட் செங்கல் நிறத்துக்கு இருளும் வரை ஒரு நிமிடம் கிளறி, தீயைக் குறைத்துப் பொடிகளைப் போட்டு முப்பது விநாடி பொரிய விடுங்கள். பொடி எண்ணெயில் பொரிய வேண்டும் என்பதை உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணீரோடு பாக்கெட்டைக் கொட்டச் சொல்லும் அமெரிக்கக் குறிப்பைப் பார்த்து அதை மறந்துவிடாதீர்கள். இந்த இடத்தில் சோயா சாஸ் அல்லது வூஸ்டர்ஷர் சாஸ் இரண்டு டீஸ்பூன். மாட்டுக்கறியில் இயல்பாக இருக்கும் அடர்ந்த ருசி வான்கோழியில் கிடையாது. பேஸ்ட்டும் இதுவும் சேர்ந்து அந்தக் குழியை நிரப்பும். வூஸ்டர்ஷரில் வழக்கமாக நெத்திலி மீன் இருக்கும், சேராதவர்கள் சோயாவே போடலாம்.

அடுத்து பச்சை மிளகாய் சேர்த்த 10 அவுன்ஸ் தக்காளி டப்பா ஒன்று. வடிகட்டி, சாற்றைத் தனியாக வைத்துக்கொண்டு, தக்காளியை மட்டும் போடுங்கள். 15 அவுன்ஸ் கறுப்பு பீன்ஸ் டப்பா ஒன்று, கழுவி நன்றாக வடித்தது. உறைந்த மக்காச்சோளம் ஒரு கப், அப்படியே பாத்திரத்தில் போட்டு ஈரம் போக இரண்டு நிமிடம். இப்போது கறியையும், கிண்ணத்தில் ஊறி நிற்கும் சாற்றையும் திரும்பப் போட்டு நடுத்தரத் தீயில் நாலு, ஐந்து நிமிடம். போதுமா என்பதைக் கடிகாரம் சொல்லாது, கரண்டி சொல்லும்: தட்டைக் கரண்டியால் பாத்திரத்தின் நடுவே ஒரு கோடு இழுங்கள். கோடு உடனே மூடிக்கொண்டால் இன்னும் தண்ணீர் இருக்கிறது. இரண்டு, மூன்று விநாடி அடி தெரிந்து, பிறகு மெதுவாகச் சரிந்து மூடினால் சரி. கோடு மூடவே இல்லை, கறி உதிரியாக நிற்கிறது என்றால் எடுத்துவைத்த தக்காளிச் சாற்றை இரண்டிரண்டு கரண்டியாகச் சேருங்கள். டோர்ட்டியா குடிக்கக் கொஞ்சம் ஈரம் வேண்டும். அடுப்பை அணைத்தபின் 2 அவுன்ஸ் கிரீம் சீஸைக் கிள்ளிப் போட்டுக் கலக்கலாம். கொழுப்பு குறைந்த கறிக்கு அது ஒரு வழவழப்பைத் தரும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். பெரியவர்களில் சிலர் மசாலா மங்கிவிட்டது என்பார்கள். கடைசியாகப் பாதி எலுமிச்சம்பழம் பிழிந்து ருசி பாருங்கள். தனியாகச் சாப்பிடும்போது உப்பும் புளிப்பும் ஒரு துளி தூக்கலாக இருக்க வேண்டும், ஏனென்றால் டோர்ட்டியா இரண்டையும் மட்டுப்படுத்தும்.

டோர்ட்டியா மக்காச்சோளத்தில் செய்த 6 அங்குல வகை. கோதுமை டோர்ட்டியா சாஸில் ஊறினால் பசையாகிவிடும், அதைக் காப்பாற்ற வழியில்லை. மக்காச்சோள டோர்ட்டியா சுண்ணாம்பு நீரில் வேகவைத்த மக்காச்சோளத்தை அரைத்துச் செய்வது. அந்த மாவு நன்றாகப் பிணைந்து நிற்கும். ஆனாலும் பாக்கெட்டிலிருந்து எடுத்து அப்படியே அடுக்கினால் அதுவும் குழையும். தோசைக்கல்லை நன்றாகக் காயவைத்து, எண்ணெயில்லாமல் ஒரு பக்கத்துக்கு 45 விநாடி, புள்ளி விழுந்து ஓரம் விறைக்கும் வரை சுடுங்கள். கறி வதங்கும்போதே பக்கத்து அடுப்பில் இது முடிந்துவிடும். இல்லாவிட்டால் எண்ணெய் லேசாகத் தடவித் தட்டில் பரப்பி 400 டிகிரி ஃபாரன்ஹீட் அவனில் எட்டு நிமிடம். 9×13 அங்குலப் பாத்திரத்துக்கு ஒரு அடுக்குக்கு ஐந்து அல்லது ஆறு, இரண்டு அடுக்குக்குப் பத்து முதல் பன்னிரண்டு. இரண்டு மூன்றைப் பாதியாக வெட்டி நேர் விளிம்பைப் பாத்திரத்தின் சுவரோடு ஒட்டி வைத்தால் மூலைகள் காலியாக இருக்காது. 8×8 பாத்திரத்திலும் இந்த அளவு திணித்துவிடலாம், ஆனால் விளிம்பு வரை வந்து கொதித்து வழியும். மேலும் கனம் கூடினால் நடுப்பகுதி சூடாக நேரமாகும், ஓரம் காயும்.

சீஸ் மொத்தம் 8 அவுன்ஸ்: பாதி மான்டரே ஜாக், பாதி ஷார்ப் செடார். முதலாவது நன்றாக உருகும், இரண்டாவது ருசி தரும். கட்டியாக வாங்கித் துருவினால் மேல். துருவிய பாக்கெட்டில் ஒட்டாமல் இருக்க உருளைக்கிழங்கு மாவோ செல்லுலோஸோ தூவியிருப்பார்கள், உருகினால் சற்றுத் திட்டுத்திட்டாக நிற்கும். சாஸ் செய்வதற்கு அது ஆகாது; கேசரோல் மேலே தூவுவதற்கு அப்படியொன்றும் குடி முழுகிப் போய்விடாது. அடியில் ஒரு கரண்டி கறிக்கலவையை மெல்லத் தடவி, டோர்ட்டியா, பாதிக் கலவை, 3 அவுன்ஸ் சீஸ், மறுபடி டோர்ட்டியா, மீதிக் கலவை, மேலே 5 அவுன்ஸ் சீஸ். 400 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது ஏறக்குறைய 205 செல்சியஸ், மூடாமல் 18 முதல் 20 நிமிடம். அலுமினியத் தாள் போட்டு மூடினால் ஆவி அதில் பட்டுச் சொட்டிக் கீழே இறங்கும். நீங்கள் பாடுபட்டு வற்றவைத்த தண்ணீர் திரும்பி வரும். ஓரம் குமிழியிட்டு, நடுவிலும் ஓரிரு குமிழி தெரிந்தால் ஆயிற்று. மேல்பக்கம் சிவக்க வேண்டும் என்று பிராயிலரை (அவனின் மேல்பக்க நேரடிச் சூடு) போடுவதானால் உலோகப் பாத்திரமாக இருக்கட்டும். கண்ணாடிப் பாத்திரம் அந்த நேரடிச் சூட்டுக்கு ஆகாது, விரிசல் விடலாம்.

வெளியே எடுத்துப் பத்து நிமிடம் தொடாமல் வையுங்கள். பசியில் இதைத்தான் எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள். சூட்டில் சீஸும் சாஸும் நீர்த்து ஓடும் நிலையில் இருக்கும். ஆறும்போது டோர்ட்டியா சாற்றை இழுத்துக்கொள்ளும், சீஸ் இறுகும், வெட்டினால் துண்டு நிற்கும். அந்தப் பத்து நிமிடத்தில் லெட்யூஸ், தக்காளி, அவகாடோ, கொத்தமல்லி நறுக்கிக்கொள்ளலாம். இவற்றைத் தட்டில் பரிமாறிய பிறகே போட வேண்டும், பாத்திரத்தின் மேல் அல்ல. சவர் கிரீமும் அப்படியே. அவனில் வைத்தால் திரிந்துவிடும். வீட்டில் கெட்டித்தயிர் இருந்தால் உப்பும் எலுமிச்சையும் கலந்து அதையே வைக்கலாம்.

நேரக்கணக்கு: வந்ததும் அவனைப் போட்டுவிட்டுக் கறியை ஸ்கில்லட்டில் அழுத்துங்கள். அது தானாகச் சிவக்கும் ஐந்து நிமிடத்தில் வெங்காயம், குடைமிளகாய் நறுக்கிவிடலாம். அடுப்பில் மொத்தம் முப்பது நிமிடம், அவனில் இருபது, ஆறப் பத்து. இதைவிடக் குறைக்க வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமையே கறிக்கலவையை மட்டும் செய்து வையுங்கள். குளிர்பெட்டியில் மூன்று, நாலு நாள் இருக்கும். உறைய வைத்தால் இரண்டு, மூன்று மாதம் வரை ருசி கெடாது. டோர்ட்டியாவோடு அடுக்கி முதல்நாள் இரவே வைக்கும் யோசனை வேண்டாம், காலைக்குள் ஊறிவிடும். குளிர்ந்த கலவையை அடுக்குவதற்கு முன் அடுப்பில் சூடாக்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அவனில் நாற்பது நிமிடம் ஆகும், அதற்குள் சீஸ் கருகும். எப்படியிருந்தாலும் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கண்ணாடிப் பாத்திரத்தை நேராகச் சூடான அவனுக்குள் தள்ளாதீர்கள். அமெரிக்கக் கடைகளில் விற்கும் கண்ணாடிப் பாத்திரங்களில் பல சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி. திடீர் வெப்பமாற்றத்தில் வெடித்துச் சிதறக்கூடியவை.

பாதுகாப்பில் சந்தேகமே இல்லாத எண் ஒன்று: அரைத்த கோழி, வான்கோழி இறைச்சிக்கு அமெரிக்க வேளாண்மைத் துறை சொல்லும் உள்வெப்பம் 165 டிகிரி ஃபாரன்ஹீட், 74 செல்சியஸ். மாட்டுக் கொத்துக்கறிக்குச் சொல்லும் 160 இங்கே பொருந்தாது. நிறத்தை நம்ப முடியாது. நன்றாக வெந்த வான்கோழியிலும் இளஞ்சிவப்பு தங்குவதுண்டு. இந்த முறையில் கறி அடுப்பிலேயே வெந்து, மறுபடி சாஸில் கொதித்து, அவனுக்கும் போவதால் கவலை குறைவு. இருந்தாலும் தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் ஒரு தடவை குத்திப் பாருங்கள். மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமில்லாத டப்பாவில் மாற்றிக் குளிர்பெட்டியில் வைத்து, சாப்பிடும்போது மறுபடி 165க்குச் சூடாக்குங்கள். தக்காளி சேர்ந்ததால் அலுமினியத் தட்டிலேயே விட்டுவைக்காதீர்கள், உலோக ருசி ஏறும்.

பிள்ளைகளுக்குக் காரம் பிரச்சினை என்றால் மசாலாவைக் குறைக்காதீர்கள், தக்காளி டப்பாவை ‘மைல்ட்’ வகையாக மாற்றுங்கள். ஹாலபீன்யோ பச்சை மிளகாயைப் பெரியவர்கள் தட்டில் போட்டுக்கொள்ளட்டும். டோர்ட்டியாவே வேண்டாம் என்றால் உதிரியாக வடித்த சோறு இரண்டு கப் அடியில் பரப்பலாம், ஈரத்தை அது இன்னும் நன்றாகத் தாங்கும். பச்சரிசியை வேகவைக்காமலே போட்டு அவனில் வேகவிடும் குறிப்புகளும் உண்டு. அவற்றில் தண்ணீர் அளவு ஒவ்வொரு அரிசிக்கும் மாறும். பாஸ்மதிக்குச் சரியானது சோனா மசூரிக்குச் சரியாக இராது. வார நாளில் அந்தச் சோதனை வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

நீங்கள் எழுதியதை மட்டும் வைத்து என்னால் தீர்த்துச் சொல்ல முடியாதவை இரண்டு. தண்ணீர் தக்காளியிலிருந்து வந்ததா, சரியாக இளகாத கறியிலிருந்து வந்ததா என்பது ஒன்று; கறி உறைந்த பொட்டலமாக இருந்து, நடுவில் கட்டியாகவே பாத்திரத்தில் விழுந்திருந்தால் இரண்டாவதாகவே இருக்கும். உங்கள் அவனின் உண்மையான சூடு இன்னொன்று. முகப்பில் 400 என்று காட்டிவிட்டு உள்ளே 25 டிகிரி தள்ளியிருப்பது சகஜம். சின்ன அவன் தெர்மாமீட்டர் ஒன்றை நடுத்தட்டில் தொங்கவிட்டால் தெரிந்துவிடும்.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு நாள் அடியில் தண்ணீர் நின்றுவிட்டால் பாத்திரத்தைத் தூக்கி எறிய வேண்டாம். ஒரு மூலையில் ஒரு துண்டை எடுத்துவிட்டு, பாத்திரத்தை அந்தப் பக்கம் சாய்த்து, தேங்கும் சாற்றைக் கரண்டியால் மொண்டு எடுங்கள். கைப்பிடி டோர்ட்டியா சிப்ஸை நொறுக்கி மேலே தூவி, மூடாமல் மறுபடி எட்டு நிமிடம் அவனில் வைத்து, பிறகு பதினைந்து நிமிடம் ஆறவிடுங்கள். துண்டாக வெட்ட வராவிட்டாலும், கரண்டியால் அள்ளிச் சோற்றின் மேல் போட்டுச் சாப்பிடும் அளவுக்கு வந்துவிடும்.